கொள்முதலுக்குப் போகும் ஊரில் எங்கே தங்குவது?



நம் இதழில் சரக்கு விலை, வரிச் சட்டம், எடைக்கல் முத்திரை, உரிமம் புதுப்பித்தல் என்று எத்தனையோ விஷயங்கள் வருகின்றன. ஆனால் சரக்கு வாங்கப் போகிற ஊரில் நாம் தங்குகிற இடம் எப்படி இருக்க வேண்டும் என்பதைப் பற்றி யாரும் எழுதி நான் படித்ததில்லை. இதெல்லாம் ஒரு விஷயமா என்று இளைய வியாபாரிகள் கேட்கலாம். 64 வயது வரை நானும் அப்படித்தான் கேட்டுக்கொண்டிருந்தேன்.

நான் 1976-ல் எஸ்.எஸ்.எல்.சி. முடித்துவிட்டு, மதுரை கீழமாசி வீதியில் தகப்பனாரின் மொத்தக் கடையில் உட்கார்ந்தவன். வத்தல், மல்லி, சீரகம், மஞ்சள், பருப்பு ஆகியவை எங்கள் வியாபாரம். மஞ்சளுக்கு ஈரோடு, வத்தலுக்கு குண்டூர், துவரைக்கு குல்பர்கா, சீரகத்துக்கு குஜராத்தில் உஞ்சா என்று போய்க்கொண்டே இருப்பேன். வருடத்தில் ஐம்பது அறுபது இரவுகள் வெளியூர்ப் படுக்கைதான். இப்போது 65-ஐத் தாண்டிவிட்டேன். இன்னும் போகிறேன். போன் செய்தால் மாதிரி வந்துவிடுகிறது, படம் எடுத்து அனுப்புகிறார்கள் என்பதெல்லாம் உண்மைதான். ஆனாலும் வத்தலைக் கையில் எடுத்துக் குலுக்கி விதைச் சத்தம் கேட்காமல் விலை பேச எனக்கு மனம் வருவதில்லை. என்னைப் போல நம் சங்கத்தில் நிறையப் பேர் இருக்கிறார்கள். அவர்களுக்காகத்தான் இந்தக் கட்டுரை.

அன்றைய பேட்டையும் சத்திரமும்

வியாபாரிக்குத் தங்குமிடம் முக்கியம் என்பதை நம் முன்னோர்கள் நன்றாக அறிந்திருந்தார்கள். தென்மாவட்டங்களில் நாடார் வியாபாரிகள் ஊருக்கு ஊர் பேட்டை அமைத்தார்கள். மதில் சுவர், கிணறு, மாட்டு வண்டி அவிழ்த்துப்போட இடம், சரக்கு இறக்கி வைக்க இடம் எல்லாம் அதற்குள்ளேயே இருக்கும். அதைப் பராமரிக்க மூட்டைக்கு இவ்வளவு என்று மகமை கொடுத்தார்கள். நகரத்தார் காசி வரைக்கும் சத்திரம் கட்டினார்கள். கூட்டாகச் சேர்ந்து செய்த வேலை இது. போகிற ஊரில் நம்மை அறிந்த ஒரு வாசல் வேண்டும் என்பதுதான் அதன் நோக்கம்.

இன்றைக்குப் பணம் கொடுத்தால் எந்த ஊரிலும் அறை கிடைக்கிறது. அந்த அறையில் நமக்கு ஒன்று நேர்ந்தால் யார் கவனிப்பார்கள் என்பது மட்டும் தெரிவதில்லை.

எனக்கு நடந்தது

2023-ல், வத்தல் வரத்து உச்சத்தில் இருந்த மாசி மாதம். வடக்கே ஒரு மண்டி ஊர். அங்கே இருபது வருடமாக நான் தங்குகிற ஒரு பழைய லாட்ஜ் உண்டு. பெயின்ட் உதிர்ந்திருக்கும், மின்விசிறி சத்தம் போடும். என் மகன், "எதுக்குப்பா அந்தப் பழைய கட்டடம்? அதே தெருவுல புதுசா ஒண்ணு வந்திருக்கு, நாளைக்கு 350 ரூபாய் குறைவு" என்று செல்போனிலேயே அறை எடுத்துக் கொடுத்தான். போய்ப் பார்த்தேன். பளபளவென்று தரை, கண்ணாடிக் கதவு, குளிர்சாதனம். மனதுக்குப் பிடித்துத்தான் இருந்தது.

அதிகாலை நான்கு மணிக்குக் குளிக்கப் போனேன். பழக்கதோஷத்தில் பாத்ரூம் கதவை உள்ளே தாழ் போட்டுக்கொண்டேன். ஈரமான தரையில் கால் வழுக்கியது. கைக்கு எட்டியது துண்டு போடும் கம்பி. அதைப் பிடித்தேன். இரண்டு ஸ்க்ரூவில் நின்ற கம்பி சுவரைவிட்டு அப்படியே என் கையோடு வந்துவிட்டது. இடது மணிக்கட்டு உடைந்தது. இடுப்பில் நல்ல அடி, எழுந்திருக்க முடியவில்லை. செல்போன் கட்டில் பக்கத்தில் இருந்தது. கத்திப் பார்த்தேன். ஏ.சி. அறை என்பதால் வெளியே கேட்கவில்லை. யாரும் வரவில்லை.

எட்டு மணிக்கு மண்டிக்கு நான் வரவில்லையே என்று எங்கள் தரகர் போன் செய்து பார்த்து, எடுக்காததால் லாட்ஜுக்கே வந்துவிட்டார். பாத்ரூம் தாழ்ப்பாளை உடைத்துத்தான் என்னை வெளியே எடுத்தார்கள். நாலு மணி நேரத்துக்கு மேல் ஈரத் தரையில் கிடந்தேன். அந்த நேரத்தில் ஒருவர் மனதில் என்னென்ன ஓடும் என்பதை இங்கே எழுத வேண்டாம்.

வியாபாரிகள் என்பதால் கணக்கையும் சொல்லிவிடுகிறேன். ஆஸ்பத்திரிச் செலவு 48,000 ரூபாய். ஆறு வாரம் மாவுக்கட்டு. எனக்குப் பதிலாக அவசரமாகப் போன மகன் 40 கிலோ மூட்டையில் 60 மூட்டை வத்தல் எடுத்தான். சரக்கில் ஈரம். கிலோவுக்கு 15 ரூபாய் தள்ளித்தான் விற்க முடிந்தது. 2,400 கிலோவுக்கு 36,000 ரூபாய் நஷ்டம். ஆகச் செலவு 84,000 ரூபாய். இரண்டு நாள் அறை வாடகையில் மிச்சம் பிடித்தது 700 ரூபாய்.

இடுப்பு எலும்பு முறியாதது தெய்வச் செயல் என்று டாக்டர் சொன்னார். இந்த வயதில் இடுப்பு முறிந்தால் பலர் பழைய நடைக்குத் திரும்புவதே இல்லை. வீழ்ந்து அடிபட்டு இறப்பவர்களில் அறுபது வயதைக் கடந்தவர்களே மிக அதிகம் என்று உலக சுகாதார நிறுவனமே சொல்கிறது. அதற்குப் பிறகுதான் அறை பார்க்கிற விதத்தை மாற்றிக்கொண்டேன். நான் கற்றுக்கொண்டதை வரிசையாகச் சொல்கிறேன்.

முதலில் பாத்ரூமைப் பாருங்கள்

நாம் அறைக்குள் போனதும் கட்டில், டி.வி., ஏ.சி. இருக்கிறதா என்று பார்க்கிறோம். அறுபதைக் கடந்தவர் முதலில் திறக்க வேண்டியது பாத்ரூம் கதவை.

தரை: செருப்பைக் கழற்றிவிட்டுக் காலால் தேய்த்துப் பாருங்கள். காய்ந்திருக்கும்போதே வழுக்கினால் ஈரத்தில் கேட்கவே வேண்டாம். சொரசொரப்பான பழைய தரை அழகில்லைதான், ஆனால் ஆளைத் தள்ளாது. குளிக்கிற தண்ணீர் தரை முழுவதும் ஓடாமல் ஒரு பக்கமாக வடிகிறதா என்றும் பாருங்கள். வடிகால் அடைத்துக்கொண்ட பாத்ரூமில் நாள் முழுவதும் ஈரம்தான்.

பிடிமானம்: துண்டு போடும் கம்பி பிடிமானம் ஆகாது. அது ஒரு துண்டின் எடையைத் தாங்கத்தான் அடித்தது. சுவரில் ஆழமாகத் துளை போட்டு அடித்த கைப்பிடிக் கம்பி டாய்லெட் பக்கத்திலும் குளிக்கும் இடத்திலும் இருந்தால் அது நல்ல லாட்ஜ். இல்லாவிட்டால் ஒரு பிளாஸ்டிக் ஸ்டூல் கேட்டு வாங்கி உட்கார்ந்து குளியுங்கள். வெட்கப்பட ஒன்றுமில்லை.

டாய்லெட்: முழங்கால் வலி உள்ளவர்கள் அறை எடுக்கும்போதே வெஸ்டர்ன் டாய்லெட் என்று கேட்டுவிட வேண்டும். இருக்கை ஆடாமல் இருக்கிறதா என்று கையால் அசைத்துப் பாருங்கள்.

கதவு: தனியாகத் தங்கியிருக்கும்போது அறையின் வெளிக்கதவைப் பூட்டிவிட்டால் போதும். பாத்ரூம் கதவைத் தாழ் போடாதீர்கள், சும்மா சாத்தினால் போதும். செல்போனை ஒரு பிளாஸ்டிக் பைக்குள் போட்டு உள்ளே எடுத்துப் போங்கள். கீழே விழுந்தாலும் எட்டும் உயரத்தில் வையுங்கள். இந்த இரண்டையும் நான் அன்றைக்குச் செய்திருந்தால் பத்து நிமிஷத்தில் ஆள் வந்திருக்கும்.

வெந்நீர்: சர்க்கரை வியாதி நாள்பட்டவர்களுக்குப் பாதத்தில் உணர்ச்சி குறைந்திருக்கும். கீசர் தண்ணீர் கொதிப்பது காலுக்குத் தெரியாது, கொப்புளம் வந்த பிறகுதான் தெரியும். முழங்கையை வைத்துச் சூடு பார்த்துவிட்டுத்தான் காலில் ஊற்ற வேண்டும். கீசர் இல்லாமல் குறிப்பிட்ட நேரத்துக்கு மட்டும் வெந்நீர் விடுகிற இடமானால் அந்த நேரத்தை முதல் நாளே கேட்டுக்கொள்ளுங்கள். மண்டிக்கு ஆறு மணிக்குக் கிளம்புகிறவருக்கு ஏழு மணி வெந்நீரால் பிரயோஜனமில்லை.

படியும் மாடியும்

கடைத்தெரு லாட்ஜ்களில் கீழே கடைகள், மேலே அறைகள். வரவேற்பு மேஜையே முதல் மாடியில்தான் இருக்கும். அந்த முதல் இருபது படிகளுக்கு லிப்ட் இருக்காது. "லிப்ட் உண்டு" என்று போனில் சொல்வார்கள். லிப்ட் எந்த இடத்திலிருந்து தொடங்குகிறது, கரண்ட் போனால் ஜெனரேட்டரில் ஓடுமா என்ற இரண்டு கேள்விகளையும் சேர்த்துக் கேளுங்கள். படியில் இரண்டு பக்கமும் கைப்பிடி இருக்க வேண்டும். படி விளக்கு இரவு முழுவதும் எரிய வேண்டும்.

முதல் மாடி அல்லது இரண்டாம் மாடி நமக்குப் போதும். அதற்கு மேல் வேண்டாம் என்பதற்கு முழங்கால் மட்டும் காரணமல்ல. 2022 செப்டம்பர் 12 அன்று செகந்திராபாத்தில் மின்சார ஸ்கூட்டர் விற்கும் கடையில் தீப்பிடித்தது. அதே கட்டடத்தின் மேல்மாடிகளில் லாட்ஜ். புகை மேலே ஏறி 8 பேர் இறந்தார்கள். 2025 ஏப்ரல் 29 இரவு கல்கத்தாவில் பெரிய பஜார் பகுதி ஓட்டல் ஒன்றில் தீப்பிடித்து 14 பேர் உயிரிழந்தார்கள். நம் கரூரிலிருந்து போயிருந்த குழந்தைகளும் அதில் உண்டு. பெரும்பாலோர் புகையில் மூச்சுத் திணறித்தான் இறந்தார்கள். அது வியாபாரிகள் போய்த் தங்குகிற மொத்த விற்பனைப் பகுதி. நாம் போகிற ஊர்களிலும் இதே மாதிரிக் கட்டடங்கள்தான்.

ஆகவே அறைக்குப் போவதற்கு முன் நான்கு விஷயங்களைப் பாருங்கள். கீழே என்ன கடை, என்ன குடோன்? எண்ணெய், பட்டாசு, பெயின்ட், பேட்டரி, பிளாஸ்டிக் என்றால் வேறு இடம் பாருங்கள். இறங்குவதற்கு இரண்டாவது படிக்கட்டு உண்டா, அது பூட்டாமலும் பழைய மெத்தைகள் அடுக்காமலும் இருக்கிறதா? அறையில் திறக்கக்கூடிய ஜன்னல் இருக்கிறதா, அல்லது கண்ணாடியை அடைத்துக் கம்பி போட்டிருக்கிறார்களா? நம் அறையிலிருந்து படிக்கட்டுக்கு எத்தனை கதவு? கதவுகளை எண்ணி வைத்துக்கொண்டால் புகையில் கண் தெரியாவிட்டாலும் சுவரைத் தடவிக்கொண்டே போய்விடலாம். தீ என்றால் லிப்டில் ஏறக்கூடாது.

படுக்கை, விளக்கு, சத்தம்

கட்டிலில் உட்கார்ந்து பாருங்கள். இரண்டு பாதமும் தரையில் நன்றாகப் பதிய வேண்டும். மெத்தை உள்ளே அமிழ்ந்து போனால் காலையில் முதுகு சொல்லிவிடும். தென்னை நார் மெத்தை இருந்தால் மாற்றித் தரச் சொல்லுங்கள். பல லாட்ஜ்களில் இருக்கிறது, கேட்டால் தருவார்கள்.

இந்த வயதில் இரவில் இரண்டு முறையாவது எழுந்திருக்கிறோம். கட்டிலில் படுத்தபடியே கைக்கு எட்டும் இடத்தில் ஒரு சுவிட்ச் இருக்க வேண்டும். இல்லையென்றால் பாத்ரூம் விளக்கைப் போட்டு வைத்துக் கதவைச் சிறிது திறந்து விட்டுத் தூங்குங்கள். கட்டிலிலிருந்து பாத்ரூம் வரை வழியில் பெட்டி, பை, மேஜை எதுவும் இருக்கக்கூடாது. படுக்கும் முன்பு ஒருமுறை அந்த வழியாக நடந்து பாருங்கள். பாத்ரூம் வாசலில் உயரமான படி வைத்திருப்பார்கள். அதைக் கண்ணாலும் காலாலும் தெரிந்துகொள்ள வேண்டும். ரத்தக் கொதிப்புக்கு மாத்திரை சாப்பிடுகிறவர்கள் சட்டென்று எழுந்தால் தலை சுற்றும். ஒரு நிமிஷம் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்துவிட்டு எழுந்திருங்கள்.

சத்தத்தைப் பொறுத்தவரை பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே, லிப்டுக்கு அடுத்து, ஜெனரேட்டர் பக்கம், கல்யாண ஹாலுக்கு மேலே, பார் உள்ள கட்டடம் ஆகிய ஐந்தையும் தவிர்த்தால் தூக்கம் உறுதி. தூக்கம் கெட்ட கண் சரக்கில் ஏமாறும்.

மண்டிக்குப் பக்கத்திலேயே தங்குவது வசதி என்று நினைப்போம். மிளகாய் யார்டு உள்ள ஊரில் அது சரிவராது. வரத்துக் காலத்தில் காற்றிலேயே நெடி இருக்கும். இரவெல்லாம் இருமல். ஆஸ்துமா உள்ளவர் யார்டிலிருந்து ஆட்டோவில் கால் மணி தூரமாவது தள்ளித் தங்குவதே நல்லது.

சாப்பாடும் மருந்தும்

அதே கட்டடத்தில் அல்லது தெருவைக் கடக்காமல் போகிற தூரத்தில் சாப்பாடு வேண்டும். காலை ஆறரைக்கு இட்லி, இரவு ஏழரைக்கு எண்ணெய் அதிகமில்லாத டிபன் கிடைத்தால் போதும். சர்க்கரைக்கு மாத்திரையோ ஊசியோ போட்டவர் சாப்பாட்டு நேரத்தைத் தள்ளக்கூடாது. "ஏலம் முடிந்ததும் சாப்பிடலாம்" என்று இருந்து மயங்கி விழுந்தவர்களை நான் மண்டியிலேயே பார்த்திருக்கிறேன். பையில் நாலு பிஸ்கட்டும் கொஞ்சம் சர்க்கரையும் எப்போதும் இருக்கட்டும்.

இன்சுலின் போடுகிறவர்களுக்கு ஒரு குறிப்பு. பயன்பாட்டில் உள்ள பாட்டில் 25, 30 டிகிரிக்குள் இருந்தால் பொதுவாக நான்கு வாரம் வெளியில் தாங்கும். சித்திரை, வைகாசியில் குண்டூர்ப் பக்கம் வெயில் 40 டிகிரியைத் தாண்டும். அங்கே மூடிய அறையில் விட்டுவிட்டு மண்டிக்குப் போனால் மருந்து கெட்டுவிடும். லாட்ஜ் கிச்சன் பிரிட்ஜில் பெயர் எழுதிக் கொடுத்து வையுங்கள். ஐஸ் கட்டுகிற மேல்தட்டில் வைக்கக்கூடாது என்று சொல்லியே கொடுங்கள். உறைந்துபோன இன்சுலின் உதவாது. இப்படி வாங்கி வைத்து, நினைவாகத் திருப்பித் தருகிற லாட்ஜ் நல்ல லாட்ஜ். அறை எடுக்கும்போதே, இரவில் திறந்திருக்கும் ஆஸ்பத்திரியும் மருந்துக் கடையும் எங்கே என்று மேனேஜரிடம் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

24 மணி நேரமா, பகல் 12 மணியா?

நாள் வாடகையை மட்டும் கேட்டுவிட்டு நாள் கணக்கை விசாரிக்காமல் இருப்பது நம்மில் பலர் செய்யும் தவறு. ஒரு உதாரணம் பார்ப்போம். திங்கள் காலை 4 மணிக்கு ரயிலில் இறங்குகிறீர்கள். செவ்வாய் இரவு 8 மணிக்குக் கிளம்புகிறீர்கள். மொத்தம் 40 மணி நேரம். நாள் வாடகை 1,500 ரூபாய்.

24 மணி நேரக் கணக்கு உள்ள லாட்ஜில் இது இரண்டு நாள், 3,000 ரூபாய். பகல் 12 மணிக் கணக்கு உள்ள இடத்தில் திங்கள் காலை எட்டு மணி நேரம் ஒரு நாள், திங்கள் பகல் முதல் செவ்வாய் பகல் வரை ஒரு நாள், செவ்வாய் பகலுக்கு மேல் இன்னொரு நாள். ஆக மூன்று நாள், 4,500 ரூபாய். வாடகை 200 ரூபாய் குறைவு என்று இரண்டாவது இடத்துக்குப் போனாலும் மூன்று நாளுக்கு 3,900 ரூபாய் ஆகிறது. ராத்திரி வண்டிக்குப் போகிறவர், அறையைக் காலி செய்துவிட்டுப் பகல் முழுவதும் பெட்டியோடு வெயிலில் உட்கார்ந்திருப்பதும் இந்த வயதில் ஆகாது. 24 மணி நேரக் கணக்கு உள்ள இடமே நமக்கு ஏற்றது.

ரயிலுக்கு நடுவில் சில மணி நேரம் மட்டும் ஓய்வு தேவையென்றால் பெரிய ஸ்டேஷன்களில் ரயில்வே ஓய்வறை இருக்கிறது. உறுதியான டிக்கெட் எண் இருந்தால் ஐ.ஆர்.சி.டி.சி. மூலம் முன்பதிவு செய்யலாம். பெட்டியைத் தூக்கிக்கொண்டு அலைய வேண்டியதில்லை.

பில், வரி, அடையாள அட்டை

2022 ஜூலை 18-க்கு முன்னால் நாள் வாடகை 1,000 ரூபாய் வரையுள்ள அறைக்கு ஜி.எஸ்.டி. கிடையாது. அன்று முதல் அதற்கும் 12 சதவீதம் வந்தது. 2025 செப்டம்பர் 22 முதல் 7,500 ரூபாய் வரையுள்ள அறைக்கு 5 சதவீதமாகக் குறைத்தார்கள். 1,500 ரூபாய் அறைக்கு 180 ரூபாயாக இருந்த வரி 75 ரூபாய் ஆனது. அதன் பிறகும் 12 சதவீதம் போட்டு பில் கொடுத்தால் கேளுங்கள். பதிவு எண் இல்லாத சிறு லாட்ஜ் ஜி.எஸ்.டி. என்று தனியாக வசூலிக்கவே கூடாது. பில்லில் எண் இருக்கிறதா என்று பாருங்கள்.

வெளிமாநிலத்தில் தங்கினால் லாட்ஜ் போடுவது அந்த மாநிலத்தின் வரி. அதை நம் தமிழ்நாட்டுப் பதிவில் உள்ளீட்டு வரி வரவாக எடுக்க முடியாது. ஆனாலும் பில்லைக் கடையின் பெயரில் வாங்குங்கள். வருமான வரிக் கணக்கில் பயணச் செலவுக்கு அதுதான் ஆதாரம். ஒரே நாளில் ஒரே இடத்துக்கு 10,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால் அந்தச் செலவை ஏற்கமாட்டார்கள் என்பதையும் நினைவில் வையுங்கள்.

சாப்பாட்டு பில்லில் "சர்வீஸ் சார்ஜ்" என்று தானாகச் சேர்க்கக்கூடாது என மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூலையில் அறிவித்தது. 2025 மார்ச்சில் டில்லி உயர் நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. விருப்பப்பட்டால் பரிமாறியவர் கையில் கொடுங்கள்.

அடையாளத்துக்கு ஆதார் கேட்டால் கடைசி நான்கு எண் மட்டும் தெரியும்படி மறைத்த பிரதியைக் கொடுக்கலாம். ஆதார் ஆணையமே அந்த வசதியைத் தருகிறது. ஓட்டுநர் உரிமமும் வாக்காளர் அட்டையும் அடையாளம்தான். இன்னொன்று, இணையத்தில் கிடைக்கும் போன் எண்ணை நம்பி முன்பணம் அனுப்பாதீர்கள். லாட்ஜ் பெயரிலேயே போலி எண் போட்டுப் பணம் வாங்கி ஏமாற்றுகிறவர்கள் இருக்கிறார்கள். அந்த ஊர்த் தரகரிடமோ கமிஷன் மண்டியிலோ கேட்டு எண் வாங்குவதே பத்திரம்.

ஆள் அறிந்த இடம்

இவ்வளவும் சொன்ன பிறகு, எல்லாவற்றையும்விட முக்கியமான ஒன்றைச் சொல்கிறேன். அடிக்கடி போகிற ஊரில் ஒரே லாட்ஜ், முடிந்தால் ஒரே அறை என்று வைத்துக்கொள்ளுங்கள். நாலு முறை தங்கிய அறையில் சுவிட்ச் எங்கே, படி எங்கே என்பது தூக்கக் கலக்கத்திலும் காலுக்குத் தெரியும். புது அறையில் ஒவ்வொரு இரவும் முதல் இரவுதான்.

அதைவிட, அங்குள்ளவர்களுக்கு நம்மைத் தெரியும். நான் முன்பு தங்கிக்கொண்டிருந்த பழைய லாட்ஜில் ஒரு ரூம் பாய் உண்டு. விடியற்காலை ஐந்தரைக்குக் காப்பி கொண்டுவந்து கதவைத் தட்டுவார். திறக்காவிட்டால் மறுபடி தட்டுவார், மூன்றாவது தடவை மேனேஜரைக் கூட்டி வந்துவிடுவார். அன்றைக்கு அங்கே தங்கியிருந்தால் நான் ஒன்றரை மணி நேரம் கிடந்திருப்பேன். எட்டு மணி வரை கிடந்திருக்க மாட்டேன். கை குணமாகி அடுத்த சீசனுக்குப் போனபோது அந்தப் பழைய லாட்ஜுக்கே போனேன். மேனேஜர் என் கையைப் பார்த்துவிட்டு, வருத்தமும் கோபமுமாக அரைகுறைத் தமிழில், "அண்ணாச்சி, 350 ரூபாய்க்கா எங்களை விட்டுப் போனீங்க?" என்று கேட்டார். எனக்குப் பதில் சொல்ல வாய் வரவில்லை. நம் கடையில் இருபது வருடம் வாங்கிய வாடிக்கைக்காரர் எட்டணா குறைவு என்று அடுத்த கடைக்குப் போனால் நாம் என்ன நினைப்போமோ, அதைத்தான் அவரும் நினைத்தார்.

புது ஊரானாலும் இதற்கு வழி இருக்கிறது. அறைக்குப் போகும்போதே, "காலை ஆறு மணிக்குக் காப்பி கொண்டுவாருங்கள், கதவு திறக்காவிட்டால் மாற்றுச் சாவி போட்டுப் பாருங்கள்" என்று சொல்லிவிட வேண்டும். உள்தாழ் போட்டுவிட்டால் மாற்றுச் சாவியால் பயனில்லை, ஆகவே பூட்டு மட்டும் போட்டுக்கொள்ளுங்கள். லாட்ஜின் பெயர், அறை எண், தரகரின் எண் மூன்றையும் வீட்டுக்குச் சொல்லிவிடுங்கள். காலையில் வீட்டுக்கு ஒரு போன் என்பதை வழக்கமாக்கிக்கொள்ளுங்கள். அந்த நேரத்துக்குப் போன் வரவில்லையென்றால் வீட்டார் தரகரைக் கூப்பிட வேண்டும். இதில் ஒரு செலவும் இல்லை.

லாட்ஜ் நடத்தும் அங்கத்தினர்களுக்கும் சங்கத்துக்கும்

நம் அங்கத்தினர்களில் சிலர் லாட்ஜும் நடத்துகிறார்கள். அவர்களுக்கு ஒரு வேண்டுகோள். முதல் மாடியில் இரண்டு அறைகளை வயதானவர்களுக்கென்று ஒதுக்குங்கள். பாத்ரூமில் உறுதியான கைப்பிடிக் கம்பி, வழுக்காத ரப்பர் விரிப்பு, ஒரு ஸ்டூல், கட்டில் பக்கம் ஒரு சுவிட்ச், அழைப்பு மணி ஆகியவை போதும். புது டி.வி. வாங்குகிற செலவுகூட ஆகாது. அந்த அறைகள் காலியாகவே இருக்காது என்று நான் உறுதி சொல்கிறேன். வயதான வியாபாரி ஒரு இடம் பிடித்துவிட்டால் மாறமாட்டார், நாலு பேரிடமும் சொல்வார்.

சங்கத்துக்கும் ஒரு யோசனை. மகமை போட்டுப் பேட்டை கட்ட இன்று நம்மால் முடியாது. ஆனால் ஒரு நோட்டுப் போட முடியும். ஈரோடு, குண்டூர், குல்பர்கா, உஞ்சா, போடி, கொச்சி என்று நாம் போகிற ஊர்களின் பெயரை எழுதி, தங்கிவிட்டு வந்தவர்கள் எந்த லாட்ஜ், எந்த அறை எண், படி எத்தனை, பாத்ரூம் எப்படி, மேனேஜர் எப்படி என்று அலுவலகத்தில் எழுதி வைக்கட்டும். அடுத்துப் போகிறவர் பார்த்துவிட்டுப் போகட்டும். முதல் பக்கத்தை நான் எழுதித் தந்துவிட்டேன். செயலாளரிடம் இருக்கிறது.

சரக்கில் ஈரம் பார்க்கிற நாம் பாத்ரூம் தரையிலும் ஈரம் பார்ப்போம். கொள்முதலுக்குப் போனவர் சரக்கோடு நல்லபடியாக வீடு திரும்ப வேண்டும்.